அம்மா கையில் கொடுத்துப் பார்த்த புத்தகங்கள்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடை. முதல் மாடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லண்டனைப் பற்றிய மூன்று வழிகாட்டிப் புத்தகங்களை வரிசையாக விரித்து வைத்திருந்தேன். மூன்றிலும் செயின்ட் பால்ஸ் தேவாலயம் வரும் பக்கத்தைத் திறந்திருந்தேன். ஒரே கட்டடத்தை மூன்று பேர் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்தால் எதை வாங்குவது என்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. ஓவிய ஆசிரியைக்கு இப்படித்தான் புத்தி போகும்.

அது 2018 ஏப்ரல். மே மாத விடுமுறையில் நானும் அம்மாவும் லண்டன் போவதாக இருந்தோம். தங்கை அங்கே ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். அவளுக்கு ஷிப்ட் வேலை, வாரத்தில் இரண்டு நாள்தான் விடுப்பு. மீதி ஐந்து நாளும் நாங்கள் இருவரும் எங்கள் பாட்டுக்குச் சுற்ற வேண்டும். ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரியிலிருந்து, பூமிக்கு அடியில் ரயில் ஓடும் ஊருக்குப் போகிறோம். எனக்கு இங்கிலீஷ் சமாளிக்கிற அளவுக்கு வரும். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தினமும் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பார். இங்கிலீஷ் எழுத்து என்றால் பஸ் நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டு எழுத்துகள்தான் பழக்கம்.

எனக்குப் பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அம்மா மூன்று வாரம் நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அவரும் புத்தகத்தைப் பார்த்து, “இன்னைக்கு இங்க போலாம்” என்று சொல்ல வேண்டும். அதனால் என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அம்மா கையில் கொடுத்தால் புத்தகம் அவருக்குப் புரிய வேண்டும்.

முதல் புத்தகம் முழுக்க முழுக்கப் புகைப்படம். செயின்ட் பால்ஸின் குவிமாடம் அந்தி வெளிச்சத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடந்தது. கண்ணை எடுக்க முடியாத படம். ஆனால் இரண்டு நிமிடம் பார்த்த பிறகும், அது ஒரு பெரிய குவிமாடம் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசல் எந்தப் பக்கம், உள்ளே போனால் என்ன இருக்கிறது, மேலே ஏற வழி உண்டா, ஒன்றுக்கும் பதில் இல்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தபின் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அருமையான புத்தகம். போவதற்கு முன் உதவாது.

இரண்டாவது, சட்டைப் பையில் அடங்கும் குட்டிப் புத்தகம். தபால்தலை அளவில் படங்கள், பொடி எழுத்தில் விவரங்கள், பின் அட்டையில் சுரங்க ரயில் வரைபடம்.

மூன்றாவது கனமான புத்தகம். அதில் செயின்ட் பால்ஸைக் கத்தி வைத்துப் பாதியாக அரிந்து காட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தாவரத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்தோமே, அந்த மாதிரி. ஒரு பக்கச் சுவர் முழுசாக நிற்கிறது. இன்னொரு பக்கம் திறந்து கிடக்கிறது. உள்ளே தூண்கள், வளைவுகள், படிக்கட்டு, கட்டை விரல் நகம் அளவுக்கு மனிதர்கள். குவிமாடத்தின் பக்கம் கண் போனதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். குவிமாடம் ஒன்று அல்ல. மூன்று.

வெளியே இருந்து நாம் பார்ப்பது ஈயத் தகடு போர்த்திய மரச்சட்டக் கூடு. உள்ளே நின்று அண்ணாந்தால் தெரிவது வேறொன்று. அதைவிட ரொம்பத் தாழ்வாக இருக்கும் உட்கூரை. ஜேம்ஸ் தார்ன்ஹில் சாம்பல் நிறத்தில் ஓவியம் தீட்டியது இதன் மேல்தான். இந்த இரண்டுக்கும் நடுவில், உள்ளே நிற்பவர் கண்ணுக்கும் வெளியே நிற்பவர் கண்ணுக்கும் படாமல், செங்கலால் கட்டிய ஒரு கூம்பு. ஒன்றரை அடிக் கனம்தான். உச்சியில் இருக்கும் கல் கோபுரத்தின் சுமார் 850 டன் எடையை அந்தக் கூம்புதான் தாங்குகிறது. 1666-இல் லண்டன் பற்றி எரிந்த பிறகு, கிறிஸ்டோபர் ரென் 1675-இல் தொடங்கிக் கட்டிய தேவாலயம் இது. ஊரெல்லாம் பார்க்க உயரமாக ஒரு கூடு வேண்டும், உள்ளே தொழ வருபவர்களுக்கு அளவான கூரை வேண்டும், இரண்டையும் ஒரே கட்டில் செய்ய முடியாது என்று தெரிந்து, நடுவில் எடையைத் தாங்க ஒன்றை ஒளித்து வைத்தார்.

இதை எந்தப் புகைப்படமும் காட்டாது. மூன்றையும் ஒருசேரப் பிடிக்கக் கேமரா நிற்க இடம் கிடையாது. வரைபவர்தான் சுவரை நீக்கிக் காட்ட முடியும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். கண்ணுக்குத் தெரிவதைக் காட்ட போட்டோ போதும். தெரியாததைக் காட்டத்தான் கை வேண்டும்.

படம் போட்ட வழிகாட்டிகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் மர்ரியும் ஜெர்மனியில் கார்ல் பேடெக்கரும் போட்ட கையடக்கப் புத்தகங்களில் வரைபடங்கள் நேர்த்தியாக இருக்கும், படம் அபூர்வம். பார்த்தே ஆக வேண்டிய இடத்துக்கு நட்சத்திரக் குறி போடும் பழக்கத்தைப் பரப்பியவர் பேடெக்கர். 1970-இல் பாலித் தீவைப் பற்றிய புத்தகத்தோடு வந்த இன்சைட் வரிசை, வண்ணப் புகைப்படத்துக்கு முதலிடம் கொடுத்தது. 1973-இல் தொடங்கிய லோன்லி பிளானட், காசை எண்ணிச் செலவு செய்பவர்களுக்கு எழுத்தால் வழி சொன்னது. கட்டடத்தை அரிந்து காட்டுவது, தெருவை மேலிருந்து பார்ப்பதுபோல் வீடு வீடாக வரைவது, இந்தப் பாணியை 1993 முதல் உலகமெங்கும் கொண்டுபோனது டோர்லிங் கிண்டர்ஸ்லியின் ஐவிட்னஸ் வரிசை. அந்த நிறுவனம் 1974-இல் லண்டனில் ஆரம்பித்தது. இதையெல்லாம் கடைக்காரர்தான் அலமாரியைக் காட்டிக் காட்டித் தமிழிலேயே விளக்கினார். பெங்களூரில் அது ஒரு சௌகரியம்.

மூன்றையுமே வாங்கினேன். பழைய விலைதானே என்று. எந்தப் புத்தகம் எதற்கு உதவியது, எது காலை வாரியது என்பதை இங்கே சொல்கிறேன், ஆனால் பெயரைச் சொல்லப் போவதில்லை. பதிப்புக்குப் பதிப்பு புத்தகம் மாறுகிறது. நீங்கள் கையில் எடுக்கும் பிரதியை நீங்களேதான் பார்த்துத் தேற வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்தபிறகு, கனமான புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து புரட்டினார். செயின்ட் பால்ஸ் பக்கத்தில் நின்றுவிட்டார். ஆள்காட்டி விரல் வெளிக்கூட்டின் மேல் போனது, உட்கூரைக்கு இறங்கியது, நடுவில் இருந்த கூம்பில் வந்து நின்றது.

“இது மாங்கா மாதிரி இருக்குதுடி. வெளிய தோலு, உள்ள சதை. இது என்னா, கொட்டையா?”

“ஆமாம்மா. கொட்டைதான் மேல இருக்கற எடையைத் தாங்குது.”

“அப்ப அது வெளிய தெரியாதா?”

“தெரியாது.”

“பின்ன இவன் எப்பிடிப் பார்த்து வரைஞ்சான்?”

கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கட்டடத்தின் வரைபடங்களை வைத்து, அளவு போட்டு, உள்ளே ஏறிப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு வரி இங்கிலீஷ் படிக்காமல், முந்நூறு வருஷத்துக் கட்டடக் கலையின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். புத்தகம் தேறிவிட்டது.

அடுத்து புகைப்படப் புத்தகம். “அழகா இருக்குது” என்று பத்து நிமிடத்தில் மூடி வைத்தார். குட்டிப் புத்தகத்தில் பின் அட்டையைத் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பின் அட்டைக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.

லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் வரைந்தது, 1933-இல் அச்சாகி மக்கள் கைக்கு வந்தது. தூரத்தையும் திசையையும் அவர் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். கோடுகள் நேராகப் போகும், படுக்கையாகப் போகும், இல்லையென்றால் 45 பாகை சாய்ந்து போகும். வேறு எப்படியும் போகாது. வண்டி மாறும் இடத்துக்குத் தனிக் குறி. பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலே என்ன தெரு இருந்தால் என்ன, எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது என்பதுதானே கேள்வி என்று யோசித்திருக்கிறார். அம்மாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் விடிவதற்குள் இருபத்தொரு புள்ளி வைத்து இழுக்கிற கை அது. “இது புள்ளிக் கோலம். பச்சை இழை எது?” என்று கேட்டார். ஈஸ்ட் ஹாமில் தொட்டுக் காட்டினேன். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் பச்சையை விரலால் இழுத்துக்கொண்டே போனார். டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், சவுத் கென்சிங்டன். பாதிக்கும் மேலே நாங்கள் பார்க்க வேண்டியவை அந்த ஒரே இழையில் இருந்தன. மூன்று வாரமும் அம்மா “பச்சை வண்டி” என்றுதான் சொன்னார்.

வாங்கும்போது கையில் வைத்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு. படத்தைப் பார்த்து மயங்கும்போது மறந்துபோகும்.

முதலில் தாள். வழவழ ஆர்ட் பேப்பரில் படம் பிரமாதமாக வரும். ஆனால் வெயிலில் நின்று திறந்தால் கண்ணைக் கூசும், பென்சிலில் ஒன்றும் எழுத முடியாது. நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றுதான் புத்தகத்தைத் திறப்பேன் என்பதால் கடை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்புறம் கட்டு. முதுகைப் பிளந்து பார்த்தால், மடித்த தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது கொத்துக் கொத்தாக, நூல் போட்டுத் தைத்திருக்கிறதா, வெறும் பசை போட்டு ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். ஒட்டிய புத்தகத்தை நாலு நாள் விரித்து மடக்கினால் வரைபடப் பக்கம்தான் முதலில் கழன்று விழும், ஏனென்றால் அதைத்தான் அதிகம் திறக்கிறோம். நடுமடிப்பில் என்ன விழுங்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டு பக்கத்துக்குப் பரப்பிய வரைபடத்தில் நாம் நிற்கிற தெரு சரியாக அந்த மடிப்புக்குள் போய்விட்டால் அந்தப் படத்தால் பயனில்லை.

எடை பெரிய விஷயம். கனமான புத்தகத்தை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன், 680 கிராம். தோள்பையில் தண்ணீர் பாட்டில், குடை, அம்மாவின் மாத்திரை, ஸ்வெட்டர், இதோடு இதுவும் என்றால் சாயங்காலத்துக்குள் தோள் போய்விடும். தைத்த கட்டு என்பதால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டுகளுக்கு பைண்டிங் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய், பாரங்களைப் பிரித்து நான்கு மெல்லிய புத்தகமாகப் போட்டுத் தரச் சொன்னேன். டவர் பக்கம் ஒன்று, வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ஒன்று, சவுத் கென்சிங்டன் பக்கம் ஒன்று, மீதியும் பெயர் அட்டவணையும் ஒன்று. “இவ்ளோ நல்ல புக்கைப் பிரிக்கச் சொல்றீங்களே டீச்சர்” என்று அவருக்கு மனசே வரவில்லை. ஆனால் பழுப்புத் துணி ஒட்டி, ஓரம் வெட்டி, அச்சகத்தில் வந்த மாதிரியே போட்டுக் கொடுத்தார். காலையில் எந்தப் பக்கம் போகிறோமோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். இந்த யோசனையை யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன், பழைய புத்தகமாக இருக்கும்வரை.

அம்மாவுக்காக இன்னொரு வேலையும் செய்தேன். லண்டனுக்குத் தமிழில் இப்படிப் படம் வரைந்த வழிகாட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் முக்கியமான பக்கங்களில் நானே ஓரத்தில் தமிழில் எழுதினேன். வழவழத் தாளில் மை பிடிக்கவில்லை, மஞ்சள் நிற ஒட்டுச் சீட்டுகளில் எழுதி ஒட்டினேன். “உள்ளே போக இந்த வாசல்.” “இங்கே உட்கார இடம் உண்டு.” “கழிவறை.” முடிவில் அந்த நான்கு புத்தகங்களும் பாதி அச்சடித்தவை, பாதி என் கையெழுத்து.

சரி, போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாளே ஒரு அடி. நான் வாங்கிய மூன்றில் ஒன்று 2011-ஆம் வருஷத்துப் பதிப்பு. பேருந்தில் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்கலாம் என்று அதில் போட்டிருந்தது. தங்கை வேலைக்குப் போய்விட்டாள். 115-இல் ஏறி ஆல்ட்கேட் போகலாம் என்று கைநிறையக் காசோடு ஏறினோம். ஓட்டுநர் தலையை ஆட்டி, பணம் வாங்குவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். 2014 ஜூலையிலேயே லண்டன் பேருந்துகளில் ரொக்கம் நின்றுவிட்டது. பின்னால் வரிசை. அம்மா முகத்தில் ஒரு கலவரம். இறங்கி நடந்து ரயில் நிலையத்துக்குப் போய் முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஆய்ஸ்டர் பயண அட்டை வாங்கிக்கொண்டோம்.

இதற்காகப் பழைய பதிப்பே வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எதற்குப் பழசு போதும், எதற்குப் போதாது என்று பிரித்துக்கொண்டால் சரி. செயின்ட் பால்ஸின் கூம்பு மாறவில்லை. டவர் பாலம் 1894-இல் திறந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டணம், திறக்கும் நேரம், எந்தப் பொருள் எந்த அறையில், டிக்கெட் எடுக்கும் முறை, இவையெல்லாம் மாறும். புத்தகத்தின் முதல் சில பக்கங்களில் பதிப்பு வருஷம் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஏழு வருஷம்தானே என்று நினைத்தேன். அது என் தப்பு.

அடுத்தது கோவென்ட் கார்டன். அன்று எடை வேண்டாமென்று குட்டிப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். லெஸ்டர் ஸ்கொயரில் நின்றுகொண்டு பின் அட்டையைப் பார்த்தால், அடுத்த நிலையம் கோவென்ட் கார்டன். ஒரு நிலையம்தானே, ரயிலிலேயே போகலாம், அம்மாவுக்கு நடை மிச்சம் என்று கீழே இறங்கினேன். உண்மையில் அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் 300 மீட்டர்கூட இல்லை. எங்கள் ரவுண்டானாவில் ஒரு பக்கம் டீ குடித்துவிட்டு அடுத்த பக்கம் பஸ் பிடிப்பது மாதிரி. பெக்கின் வரைபடத்தில் எல்லா இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். தூரத்தைச் சொல்வது அதன் வேலை இல்லை. கோவென்ட் கார்டனில் இறங்கினால் லிஃப்டுக்கு முன்னால் கூட்டம் நெரிகிறது. பக்கத்தில் சுழல் படிக்கட்டு. ஏறிவிடலாம் என்று அம்மாவே சொன்னார். அந்தப் படிக்கட்டில் 193 படிகள். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். பாதியில் சுவர் ஓரமாக உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிரவு கனமான புத்தகத்தை எடுத்து அதே இடத்தைப் பார்த்தேன். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தெருப்படம். இரண்டு நிலையமும் ஒரே பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில். நடந்து போக வழிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். பூமிக்கு அடியில் போக ஒரு படம் வேண்டும், பூமிக்கு மேலே நடக்க இன்னொரு படம் வேண்டும். புத்தகத்தில் இரண்டும் இருக்கிறதா, இரண்டையும் ஒப்பிட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

நடப்பவர்களுக்கு லண்டன் தெருக்களிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நடைபாதையில் ஆள் உயரப் பலகைகள், அதில் வரைபடம். வடக்கு மேலே என்ற வழக்கம் அதில் கிடையாது. நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோமோ அதுதான் மேலே. ஐந்து நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டமும் போட்டிருப்பார்கள். அம்மா இதைப் பார்த்ததும் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, தெரு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார். எழுத்தெல்லாம் தலைகீழாகிவிட்டது. எனக்குத்தான் சங்கடம். இங்கிலீஷ் எழுத்து படிக்காதவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அன்று முதல் வழி காட்டியது அம்மாதான்.

திப்புவின் புலியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கிருஷ்ணகிரிக்காரி நான். வீட்டு மாடியில் நின்றால் கோட்டை மலை தெரியும். ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் கீழே இருந்த மலை அது. 1792 உடன்படிக்கையில்தான் எங்கள் ஊரும் அடங்கிய பாராமகால் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. ஏழு வருஷம் கழித்துத் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணமும் விழுந்தது. அங்கே கிடைத்த மரப்புலி, சிவப்புச் சட்டை போட்ட ஐரோப்பியன் ஒருவனைக் கீழே தள்ளிக் கழுத்தைக் கவ்வுகிற புலி, இப்போது விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயிற்றுக்குள் ஓர் ஆர்கன் வாத்தியம். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், விழுந்து கிடப்பவன் முனகுவான், அவன் கை தூக்கித் தூக்கி விழும்.

மூன்று புத்தகத்திலும் அந்தப் புலியின் படம் இருந்தது. மூன்றிலும் சின்ன வண்ணப் படம், பின்னணியில் ஒன்றுமில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, சன்னபட்டணத்து மர பொம்மை போல மேஜைமேல் வைக்கிற சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நானும் ஒரு முழம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் போய் நின்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறக்குறைய ஆறடி நீளம். கீழே கிடக்கும் ஆளும் ஆள் அளவு. அம்மா இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டார். “இது நம்ம ஊரு ஆளுங்க கோவம்டி” என்றார். அப்புறம் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காவலர் வந்து ஏதாவது சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறாக, பிரிட்டிஷ் மியூசியத்தில் ரொசெட்டா கல் என்ற பழைய எகிப்தியக் கல்வெட்டு. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அதுதான். நேரில் 112 சென்டிமீட்டர் உயரம், கூட்டத்துக்கு நடுவில் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பெரியது சின்னதாகவும் சின்னது பெரியதாகவும் அச்சில் ஆகிவிடுகிறது. பக்கத்தில் ஓர் ஆளை, ஒரு கையை, குறைந்தபட்சம் ஓர் அளவுகோலை வரைந்துவிட்டால் தீர்ந்தது. பள்ளியில் பிள்ளைகள் மரம் வரைந்தால் பக்கத்தில் ஓர் ஆட்டையாவது வரையச் சொல்வேன், அப்போதுதான் மரம் எவ்வளவு பெரியது என்று தெரியும். இப்போது எந்தப் படப் புத்தகத்தை எடுத்தாலும் என் கண் முதலில் ஆளைத்தான் தேடுகிறது.

செயின்ட் பால்ஸுக்குக் கடைசி வாரம் போனோம். அம்மா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தை மடியில் விரித்துக்கொண்டார். நான் மட்டும் ஏறினேன். 257 படியில் கிசுகிசுப்பு மாடம். சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ச்சுவரில் கேட்கும் என்பார்கள். எட்டிப் பார்த்தால் கீழே அம்மா புள்ளியாகத் தெரிந்தார். 376-இல் கல் மாடம், காற்று, தேம்ஸ் நதி. அதற்கு மேலே இரும்புச் சுழல் படிக்கட்டு. அங்கேதான், வெளிக்கூட்டுக்கும் செங்கல் கூம்புக்கும் நடுவே, அரைகுறை வெளிச்சத்தில் போகிறோம். ஒரு பக்கம் மரச்சட்டங்கள். இன்னொரு பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மேலே மேலே குறுகிக்கொண்டு போகும் செங்கல் சுவர். பூச்சு இல்லை, அலங்காரம் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறார்கள். பின்னால் ஏறி வந்தவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நான் ஓரமாக நின்று அதன்மேல் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. புத்தகத்தைப் பார்க்காமல் வந்திருந்தால் இது வெறும் சுவர். மூச்சு வாங்கிக்கொண்டு கடந்து போயிருப்பேன்.

528 படியும் ஏறி இறங்கி வந்தபோது அம்மா கேட்டது, “கொட்டையைப் பார்த்தியா?”

இப்போதெல்லாம் இத்தனை பாடு எதற்கு, போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்று பள்ளியில் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். போன் எங்களுக்கும் உதவியது. நான் நிற்கும் இடம் எது, அடுத்த பேருந்து எப்போது, இன்று திறந்திருக்கிறதா, இதற்கெல்லாம் போனை மிஞ்ச முடியாது. ஆனால் போனில் தேட, எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். குவிமாடத்துக்குள் ஒரு கூம்பு இருக்கிறது என்று தெரியாதவள் அதை எப்படித் தேடுவாள்? புத்தகத்தைச் சும்மா புரட்டும்போது கேட்காத கேள்விக்குப் பதில் கண்ணில் படுகிறது. அதோடு இரண்டு பேர் ஒரு போனைப் பார்க்க முடியாது. இரண்டு பேர் மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு, ஒருவர் விரல் ஒரு பக்கமும் இன்னொருவர் விரல் இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, நாளைக்கு எங்கே என்று பேச முடியும். ஈஸ்ட் ஹாமில் ராத்திரி ஒன்பது மணிக்கு இருட்டும் நேரத்தில் சமையலறை மேஜையில் நாங்கள் மூவரும் அப்படி உட்கார்ந்திருந்த பொழுதுகள்தான் எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தவை. லண்டனில் பல வருஷமாக இருக்கும் தங்கை, அம்மா காட்டித்தான் முதல்முறையாக செயின்ட் பால்ஸின் உள்கட்டைப் பார்த்தாள்.

நான்கு புத்தகங்களும் இப்போது வீட்டு அலமாரியில், அம்மாவின் ராமாயணத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஓரங்கள் நைந்துவிட்டன. மஞ்சள் சீட்டுகளில் பாதி உதிர்ந்து, மீதியில் பென்சிலில் அம்மாவின் கையெழுத்தும் சேர்ந்திருக்கிறது. “இங்கே படி ஜாஸ்தி.” “காபி நன்றாக இல்லை.” “பச்சை வண்டி.”

போன மாதம் எதிர்வீட்டு அக்கா வந்திருந்தார். மகன் நியூயார்க்கில் இருக்கிறான், பிரசவத்துக்குப் போக வேண்டும், ஆறு மாதம் இருப்பாராம், ஊரைப் பற்றிப் படம் போட்ட நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தார்.

“வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு எடுத்துட்டு வாம்மா. நான் பார்த்துச் சொல்றேன்.”